பெருக்கலும் பொருத்தலும்: கடன் வாங்கிய நிலநடுக்கங்கள்

1940 மே 18 இரவு கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு குலுங்கியபோது, எல் சென்ட்ரோ ஊரின் மின் துணைநிலையத்தில் வைத்திருந்த முடுக்கப் பதிவுக் கருவி தானாக ஓடத் தொடங்கியது. புவியீர்ப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உச்ச முடுக்கம். பிளவிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். ஒரு பெரிய நிலநடுக்கத்தின் ஆட்டம் பிளவுக்கு இத்தனை அருகில் இத்தனை தெளிவாக அதுவரை பதிவானதே இல்லை. அன்றிலிருந்து அந்தப் பதிவுக்கு ஓய்வே இல்லை. கட்டமைப்பு இயங்கியல் பாடநூல்களில் அது இருக்கும். முதுகலை மாணவரின் ஆய்வேட்டில் இருக்கும். பொறியாளர் புதிதாக நிறுவிய மென்பொருளின் மாதிரிக் கோப்புகளிலும் இருக்கும். எண்பது ஆண்டுக்கு மேலாகியும், கைக்கு முதலில் அகப்படும் நிலநடுக்கம் அதுதான்.

கட்டடம் எழும்பும் இடத்தில் நாளை வரப்போகும் நிலநடுக்கத்தின் பதிவு யாரிடமும் இருக்க முடியாது. வேறு ஊரில், வேறு ஆண்டில் வந்த ஒன்றைக் கடன் வாங்கித்தான் கணினியில் கட்டடத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும். கடன் வாங்கியது அப்படியே பொருந்தாது. அதைச் சரிக்கட்ட இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, பதிவின் எல்லாப் புள்ளிகளையும் ஒரே எண்ணால் பெருக்குவது. அலுவலகத்தில் ஸ்கேலிங் என்பார்கள். மற்றொன்று, பதிவுக்குள்ளேயே கைவைத்து, அதன் ஸ்பெக்ட்ரம் விதிநூலின் ஸ்பெக்ட்ரத்தோடு ஒட்டிப்போகும்வரை மாற்றுவது, மேட்சிங் என்பார்கள். முதல் வழியில் பதிவு பெரிதாகும் அல்லது சிறிதாகும், முகம் மாறாது. இரண்டாவது வழியில் முகமே மாறும். இந்த இரண்டில் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. அது போகப் போகத் தெரியும்.

முதலில் ஸ்பெக்ட்ரத்தைப் பற்றிக் கொஞ்சம். வெவ்வேறு அலைவுக்காலம் கொண்ட ஒற்றை ஊசலிகள் நூறு, இருநூறை ஒரே தரையில் நட்டு, அந்தத் தரையை ஒரு பதிவின்படி ஆட்டுகிறோம். ஒவ்வோர் ஊசலியும் அதிகபட்சம் எவ்வளவு ஆடியது என்று குறித்து, அலைவுக்காலத்துக்கு எதிராக வரைந்தால் வருவதே அந்தப் பதிவின் ஸ்பெக்ட்ரம். எல் சென்ட்ரோவின் வடக்கு-தெற்குக் கூறுக்கு, 2 சதவீதத் தணிப்பில், அரை விநாடி ஊசலிக்கு முடுக்கம் 1.09 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), ஒரு விநாடி ஊசலிக்கு 0.61 ஜி, இரண்டு விநாடி ஊசலிக்கு 0.19 ஜி வருகிறது. இடையில் கோடு மேடும் பள்ளமுமாக ஓடும். விதிநூல் தரும் ஸ்பெக்ட்ரமோ வழவழப்பான வளைவு. பல நிலநடுக்கங்களின் சாரத்தைச் சேர்த்து வரைந்தது. எந்தத் தனிப் பதிவும் அந்த வளைவைப் போல இருக்காது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

நம் ஐ.எஸ். 1893 விதிநூலின் 2016 பதிப்பில் நடுத்தர மண்ணுக்கான வளைவை எடுத்துக்கொள்வோம். 0.55 விநாடி வரை மட்டமாக 2.5, அதன்பின் 1.36-ஐ அலைவுக்காலத்தால் வகுத்த மதிப்பு. ஒரு விநாடியில் இருப்பதைப் போல அரை விநாடியில் 1.84 மடங்கு, இரண்டு விநாடியில் பாதி. உங்கள் கட்டடத்தின் அலைவுக்காலம் ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டு, எல் சென்ட்ரோவை அந்த இடத்தில் வளைவைத் தொடும்படி பெருக்குங்கள். அரை விநாடியில் ஏறக்குறைய அச்சாகப் பொருந்தும். இரண்டு விநாடியிலோ தேவைப்படுவதில் 63 சதவீதம்தான் இருக்கும். கட்டடம் சேதமடையாமல் நிற்கும்வரை இது பெரிய விஷயமில்லை. கம்பி ஈல்டு ஆகி, காங்கிரீட் வெடிப்பு விட்டபின் கட்டடம் தளர்ந்து அதன் அலைவுக்காலம் நீளும். ஒன்றிலிருந்து இரண்டு விநாடியை நோக்கி நகரும் அந்தக் கட்டடத்துக்கு எல் சென்ட்ரோ ஓர் இளகிய பரீட்சையாகிவிடுகிறது. சரி, இரண்டு விநாடியில் தொடட்டும் என்று இன்னும் 1.6 மடங்கு பெருக்கினால், ஒரு விநாடியில் 60 சதவீதம் கூடுதலாகிவிடும். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் நியாயம் செய்ய முடியாது.

பெருக்கலில் எதைப் பிடித்துக்கொண்டு பெருக்குவது என்பதே பாதிக் கதை. ஒரு காலத்தில் உச்ச முடுக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றும் சிலர் விடவில்லை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இரண்டு பதிவுகளைப் பாருங்கள். 1967 டிசம்பரில் கொய்னா அணையின் உள்ளே பதிவானதில் அணையின் நீளவாக்கில் உச்ச முடுக்கம் 0.63 ஜி. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரில், போக்குவரத்து அமைச்சக வளாகத்தின் எஸ்.சி.டி. நிலையத்தில் பதிவான கிழக்கு-மேற்குக் கூறில் 0.17 ஜி மட்டுமே. எண்ணைப் பார்த்தால் கொய்னாவே கொடியது. ஆனால் கொய்னாவின் வீரியமெல்லாம் அரை விநாடிக்கும் குறைந்த அலைவுக்காலங்களில் அடங்கிவிட்டது. மெக்சிகோ பதிவு, நகரின் அடியில் கிடக்கும் பழைய ஏரிக் களிமண்ணால் வடிகட்டப்பட்டு, இரண்டு விநாடிக்கு ஒருமுறை வந்து வந்து மோதும் சீரான அலை. இரண்டு விநாடி ஊசலியில் அது தந்தது ஏறத்தாழ 1 ஜி. அதே நகரில் பாறை மேல் இருந்த பல்கலைக்கழக நிலையத்தில் பதிவான உச்ச முடுக்கம் எஸ்.சி.டி.யின் 0.17 ஜி-யில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது மெக்சிகோ பதிவை கொய்னாவின் உச்ச முடுக்கத்துக்குச் சமமாக்குவோம் என்று 3.7 மடங்கு பெருக்கினால், இரண்டு விநாடிக் கட்டடத்தை ஏறக்குறைய 3.7 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிடும். அப்படி ஓர் ஆட்டத்தை எந்தப் பூமியும் தரப்போவதில்லை.

அதனால் பெருக்குபவர்கள் உச்ச முடுக்கத்தை விட்டுவிட்டு, கட்டடத்தின் முதல் அலைவுக்காலத்தில் இருக்கும் ஸ்பெக்ட்ர மதிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஆலின் கார்னெலும் அவர் மாணவர்களும் 1998-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல அடித்தளம் போட்டது. இப்படிப் பெருக்கிய பதிவுகள் தரும் விடைகளில் சிதறல் குறைகிறது, சராசரியும் பெரிதாக வழிதவறுவதில்லை என்று அவர்கள் காட்டினார்கள். ஆனாலும் அந்த ஒரு புள்ளிக்கு இரு பக்கமும் பதிவுகள் அவரவர் இஷ்டத்துக்குத்தான் போகும். ஆகவே ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு முடிவு சொல்ல முடியாது.

பொருத்துபவர்களின் கதை வேறு. 1976-இல் காஸ்பரினியும் வான்மார்க்கும் எம்.ஐ.டி.யில் எழுதிய நிரல், உண்மைப் பதிவே இல்லாமல் சைன் அலைகளை அடுக்கி வளைவுக்கேற்ற ஆட்டத்தை உருவாக்கித் தந்தது. வளைவு அழகாகப் பொருந்தியது. ஆட்டம் மட்டும் நிலநடுக்கம் போல இல்லை. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சீரான உதறல், எந்தப் பூமியும் அப்படி உதறாது. அணுமின் நிலையக் கருவிகளுக்கு அது உதவியது. கட்டடம் இளகியபின் என்ன ஆகும் என்று கேட்பவருக்கு உதவவில்லை. அதன்பின் வந்தது சிற்றலை முறை. உண்மைப் பதிவொன்றை எடுத்துக்கொள்வார்கள். குறிப்பிட்ட அலைவுக்காலத்து ஊசலி எந்த நொடியில் உச்சத்தைத் தொட்டது என்று கண்டுபிடிப்பார்கள். அந்த நொடியில் உச்சத்தைத் தேவையான அளவு கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஒரு சிறிய அலையைப் பதிவில் சேர்ப்பார்கள். ஓரிடத்தில் சேர்த்தது பக்கத்து அலைவுக்காலங்களையும் தொந்தரவு செய்யும். எனவே எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டுத் தொகுப்பாகத் தீர்த்து, மறுபடி பார்த்து, மறுபடி தீர்ப்பார்கள். நார்மன் ஆப்ரஹாம்சனின் நிரல் 1990-களில் இதைப் பரவலாக்கியது. ஆரம்பத்தில், சேர்த்த அலைகளின் பாக்கியால் தரை கடைசியில் வேறெங்கோ போய் நின்றுவிடும் கோளாறு இருந்தது. 2010-இல் லிண்டா அல் அதிக்கும் ஆப்ரஹாம்சனும் அந்தப் பாக்கி விழாத புதிய சிற்றலையைத் தந்தார்கள். இன்று ஈடேப்ஸ் போன்ற மென்பொருளில் பொருத்தும் வேலை சில சொடுக்குகளில் முடிந்துவிடுகிறது. முறை கைக்கு எளிதானதும், அதைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்த எளிமையே காரணமாகிப் போனது என்பது என் குற்றச்சாட்டு.

பொருத்தலின் பலனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாற்பது மாடிக் கட்டடத்தின் நான்-லீனியர் மாதிரியை ஒரு பதிவுக்கு ஓடவிட்டால், மாதிரியின் நுணுக்கத்தைப் பொறுத்து ஒரு பகல் ஓர் இரவு போவது சாதாரணம். பெருக்கிய பதிவுகள் விடையைத் தாறுமாறாகச் சிதறடிக்கும். பொருத்திய பதிவுகள் ஏறக்குறைய ஒரே விடையைச் சுற்றி நிற்கும். சராசரி மட்டும் போதுமென்றால் பொருத்திய சிலவற்றிலேயே அது நிலைப்பட்டுவிடும். நேரமும் பணமும் மிச்சம். வடிவமைப்பு ஒருமுறை மாறி, எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டிய நாளில் இந்த மிச்சம் சிறியதில்லை.

ஆனால் அந்தச் சராசரி எந்தச் சராசரி? பாவ்லோ பஸ்ஸூரோவும் நிக்கோலஸ் லூகோவும் 2006-இல் இந்தக் கேள்வியை நேராகவே கேட்டார்கள். பிளவுக்கு அருகில் பதிவானவற்றைப் பொருத்தி ஆட்டினால், கட்டடத்தின் நான்-லீனியர் சாய்வு உண்மையைவிடக் குறைவாக வரும் போக்கு இருக்கிறது என்று கண்டார்கள். காரணம் புரிந்துகொள்ளத்தக்கது. இரண்டு பதிவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கட்டடத்தின் முதல் அலைவுக்காலத்தில் ஒரே மதிப்பு. அதற்கு அப்பால் ஒன்றில் மேடு, மற்றதில் அதே அளவு பள்ளம். கட்டடம் இளகி அப்பக்கம் நகரும்போது, பள்ளத்துக்குள் போனது கொஞ்சம் பிழைக்கும். மேட்டில் ஏறியது மிக மோசமாக அடிபடும், அடிபட அடிபட இன்னும் இளகி மேட்டிலேயே மேலும் ஏறும். லாபமும் நட்டமும் சமமில்லை. இந்த இரண்டின் சராசரி, மேடும் பள்ளமும் இல்லாத ஒரு பதிவு தரும் விடையைவிடக் கூடவே இருக்கும். பொருத்தும்போது மேடும் போகிறது, பள்ளமும் போகிறது. கூடவே அந்தச் சமமின்மையும் இஸ்திரி போட்டது போலப் போய்விடுகிறது.

இது காகிதக் கணக்கோடு நின்றுவிடுவதில்லை. மெக்சிகோ நகரில் 1985-இல் அதிகம் விழுந்தவை ஆறேழு மாடி முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள். அவற்றில் பலவற்றின் தொடக்க அலைவுக்காலம் இரண்டு விநாடிக்குக் குறைவு. முதல் சில சுற்றுகளில் கொஞ்சம் வெடிப்பு விட்டு, இளகி, நேராக இரண்டு விநாடி மேட்டில் போய் ஏறின. பிறகு அலை ஓயவில்லை. ஓரிரு மாடிக் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. லத்தீன் அமெரிக்கக் கோபுரமும் தப்பியது. 44 மாடி உயரத்தில் அதன் அலைவுக்காலம் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்தது. அந்தப் பதிவின் முழுச் செய்தியும் அந்த ஒற்றை மேட்டில்தான் இருக்கிறது. அதை ஒரு வழவழப்பான வளைவுக்குப் பொருத்துபவர் மெக்சிகோவை ஆட்டவில்லை, வேறெதையோ ஆட்டுகிறார்.

பெருக்கலுக்கும் இதே பாணியில் ஒரு குறை உண்டு, திசை மட்டும் எதிர். லூகோவும் பஸ்ஸூரோவும் 2007-இல் அதையும் ஆராய்ந்தார்கள். பலவீனமான பதிவுகளை நான்கு, ஐந்து, பத்து மடங்கு என்று பெருக்கினால் சாய்வு உண்மையைவிட அதிகமாக வருகிறது. பெருக்கும் எண் ஏற ஏறப் பிழையும் ஏறுகிறது. ஏன்? அதிகம் பெருக்க வேண்டி வருவது எந்தப் பதிவு? கட்டடத்தின் அலைவுக்காலத்தில் பள்ளமாக இருப்பது. பள்ளத்தைப் பிடித்துத் தூக்கினால் இரு பக்கத்து மேடுகளும் கூடவே வானத்துக்கு எழும்பும். ஆக, பொருத்தல் குறைத்துச் சொல்கிறது, கண்மண் தெரியாத பெருக்கல் கூட்டிச் சொல்கிறது. இரண்டுக்கும் ஸ்பெக்ட்ரத்தின் வடிவமே காரணம். முதலிலேயே வடிவம் பார்த்துப் பதிவைத் தேர்ந்தால் பெருக்கும் எண்ணைப் பற்றிய பயம் பெருமளவு தீர்ந்துவிடும். கால் மடங்கு முதல் நான்கு மடங்கு வரை என்று நடைமுறையில் ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணுக்குள் மந்திரம் எதுவும் இல்லை.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. பெருக்குகிறோமோ பொருத்துகிறோமோ, எதை நோக்கி என்பது அதற்கும் முந்திய கேள்வி. விதிநூல் வளைவின் குறுகிய அலைவுக்காலப் பக்கத்தைப் பெரும்பாலும் அருகில் வரும் நடுத்தர நிலநடுக்கம் தீர்மானிக்கும்; நீண்ட பக்கத்தைத் தொலைவில் வரும் பெரியது. ஒரே ஆட்டத்தில் இரண்டும் சேர்ந்து வருவதில்லை. ஜாக் பேக்கர் முன்வைத்த நிபந்தனைச் சராசரி ஸ்பெக்ட்ரம், ஓர் அலைவுக்காலத்தில் மட்டும் முழு மதிப்பை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் இயல்பாக எவ்வளவு இருக்குமோ அவ்வளவுக்கு வளைவைத் தாழ்த்துகிறது. பொருத்தலின் மீதான என் புகாரில் ஒரு பகுதி உண்மையில் இந்த இலக்கு வளைவின் மீதான புகார்தான். தவறான இலக்குக்கு அச்சுப் பிசகாமல் பொருத்துவதில் என்ன பெருமை?

விதிநூல்களை எழுதியவர்கள் இரு முறைகளையும் எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள் என்பது எண்களிலேயே தெரிகிறது. அமெரிக்காவின் ஏ.எஸ்.சி.இ. 7, 2010 பதிப்பில் குறைந்தது மூன்று பதிவுகள் கேட்டது. ஏழு இருந்தால் சராசரியை எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஐரோப்பாவின் யூரோகோட் 8-உம் 2004-இல் அதே மூன்று, ஏழு கணக்குத்தான் வைத்திருந்தது. 2016 பதிப்பில் ஏ.எஸ்.சி.இ. 7 பதினொன்று கேட்டது. பார்க்க வேண்டிய மேல் எல்லையையும் அலைவுக்காலத்தின் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்கு நீட்டியது, இளகும் கட்டடத்தை மனதில் வைத்து. பெருக்கிய பதிவுகளின் சராசரி இலக்கில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்றது. பொருத்தியவற்றுக்கோ 110 சதவீதம் இருக்க வேண்டும். குறைத்துச் சொல்லும் முறைக்கு முன்கூட்டியே போட்ட அபராதம் என்றுதான் அதை நான் படிக்கிறேன். பிளவுக்கு அருகில், துடிப்பின் இயல்பு கெடாமல் இருந்தால் ஒழியப் பொருத்தவே கூடாது என்றும் அது சொல்கிறது. 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜில், ரினால்டி நிலையத்தில் பதிவானது அப்படிப்பட்ட துடிப்பு: தரையே ஒரே தள்ளலில் விநாடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் வேகம் எடுத்தது. அந்த ஒரு தள்ளலே கட்டடத்தைச் சாய்க்கப் போதும். அதன் நடுவில் சிற்றலைகளைச் செருகினால் தள்ளல் நைந்துபோய்ப் பல சிறு உலுக்கல்களாகிவிடும் ஆபத்து உண்டு. ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நமக்கு வருவோம். இந்தியாவில் வலுவான பதிவுகள் குறைவு. 1991 உத்தரகாசி, 1999 சமோலி ஆகியவற்றை ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தின் கருவிகள் பதிந்தன. சமோலியின்போது கோபேஷ்வரில் கிடைத்தது 0.36 ஜி. 2001 ஜனவரி 26-இன் பூஜ் நிலநடுக்கத்துக்கு நம் கையில் இருக்கும் முக்கியமான முழுப் பதிவு அகமதாபாத் பாஸ்போர்ட் அலுவலகக் கட்டடத்தில் கிடைத்தது. மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், உச்சம் 0.11 ஜி. அருகில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும் பதிவு இல்லை. இப்படிக் கையில் ஒன்றுமில்லாதவருக்குப் பொருத்தல் பெரிய வரமாகத் தெரியும்: எந்தப் பதிவைக் கொடுத்தாலும் ஐ.எஸ். வளைவுக்கேற்பச் செய்து தருகிறதே.

விதிநூலும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு, டைம் ஹிஸ்டரி முறைக்குத் தகுந்த தரையாட்டத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி, அது வடிவமைப்பு ஸ்பெக்ட்ரத்தோடு இசைந்திருப்பது நல்லது என்கிறது. எத்தனை பதிவு, எப்படிப்பட்ட பிளவிலிருந்து, எத்தனை மடங்கு வரை என்ற கேள்விகளுக்கு அமெரிக்க நூலில் பக்கங்கள் இருக்கின்றன. இங்கே அந்த ஒரு வாக்கியம். விளைவு, எல் சென்ட்ரோ ஒன்றை எடுத்துப் பொருத்தி, லீனியர் மாதிரியில் ஓட்டி, டைம் ஹிஸ்டரி செய்தாயிற்று என்று அறிக்கையில் எழுதிவிடலாம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. லீனியர் மாதிரிக்கு ஒரு பதிவிலிருந்து வேண்டியது கிட்டத்தட்ட அதன் ஸ்பெக்ட்ரம் மட்டும்தான். வளைவுக்குப் பொருத்திய பதிவை அதில் ஓட்டினால், முன்பே ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் முறையில் கிடைத்த விடைதான் ஏறக்குறைய திரும்பி வரும். நாம் போட்டதையே நமக்குத் திருப்பித் தரும் கணக்கு அது. இரண்டும் ஒத்துப்போகின்றன என்று அறிக்கையில் மகிழ்ச்சி வேறு தெரிவித்திருப்பார்கள்.

நான்-லீனியர் ஆய்வென்று எடுத்துக்கொண்டு வருபவரிடம் நான் கேட்பது இரண்டுதான். பொருத்துவதற்கு முந்தைய, பிந்தைய வேக வரைபடத்தையும் இடப்பெயர்ச்சி வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் காட்டுங்கள். முடுக்க வரைபடம் வேண்டாம், அதில் எல்லாம் ஒன்று போலவே தெரியும். இரண்டாவது, அதே பதிவுகளைப் பொருத்தாமல் பெருக்கி மட்டும் ஓட்டிய விடைகளையும் மாடிவாரியாகக் கொடுங்கள், சராசரி போடாமல். பதினொன்றில் எட்டு 1 சதவீதச் சாய்வைச் சுற்றி நின்று, மூன்று மட்டும் ஏழாம் மாடியில் 3 சதவீதத்தைத் தாண்டினால், நான் அந்த மூன்று பதிவுகளையும் ஏழாம் மாடித் தூண்களின் வளையக் கம்பி விவரத்தையும்தான் முதலில் எடுத்துப் பார்ப்பேன்.